மேய்ச்சற் பொதுநிலமும் நம் உரிமையும்

நம் கல்விக் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்கென ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். மன்னர்களின் போர்களையும் வெற்றிகளையும் எழுதப் பலர் உளர். நம் பாட்டன் பூட்டன்மார் நாள்தோறும் கால் பதித்து நடந்த ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமே அது. எனவே அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

இதற்கு நம் சொந்த வாழ்வில் நிகழ்ந்த ஒன்றும் காரணமாகும். 1970-களின் இறுதியில் நாம் தொடக்கப் பள்ளி மாணவராக இருந்தோம். நம் வீட்டில் வாரத்துக்கு வளர்த்த பசு ஒன்றும் ஆடுகள் நான்கும் இருந்தன. விடுமுறை நாள் ஒன்றில் அவற்றை ஊருக்கு மேற்கே இருந்த வெளியில் மேயவிட்டிருந்தோம். அவ்வெளியை ஒட்டிய தோப்புக்கு உரியவர் ஆள் விட்டு அவற்றை ஓட்டிச் சென்று பவுண்டில் அடைத்துவிட்டார். நம் தந்தையார் கடன் வாங்கித் தண்டம் கட்டி மீட்டு வந்தார். “அவர் நிலத்தில் ஏன் விட்டாய்?” என்று நம்மைத்தான் கடிந்துகொண்டார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டிக் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றபோது ‘அ’ பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அவ்வெளியின் புல எண்ணுக்கு நேரே ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்று எழுதப்பட்டிருந்தது. தண்டம் கட்டிய நம் தந்தையார் அப்போது உயிருடன் இல்லை. தமக்கும் உரிமையுள்ள நிலத்தில் மாடு மேய்ந்ததற்கு அவர் தண்டம் கட்டினார். அது தம் உரிமை என்பதை அறியாமலே மறைந்தார். அப்பதிவேடு அந்நாளிலும் கணக்குப்பிள்ளை வீட்டில் இருக்கத்தான் செய்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நம் தெருவில் ஒருவரும் இலர்.

பொதுநிலம் என்பது பெயரளவில் பொதுவாக இருந்தால் போதாது. அதனை ஆளும் விதிகளை வகுக்கும் இடத்தில் நமக்கும் இடம் இருந்தால்தான் அது உண்மையில் பொதுவாகும். வரலாறு இதனை எவ்வாறு மெய்ப்பிக்கின்றது என்பதை இனிக் காண்போம்.

நிலமில்லாதவனின் நிலம்

நன்செயும் புன்செயும் உடையவனுக்கு மேய்ச்சல் நிலம் ஒரு கூடுதல் வசதி. அவன் வீட்டில் வைக்கோற்போர் உண்டு. வரப்பில் புல் உண்டு. கொல்லையில் சோளத்தட்டை உண்டு. நிலமில்லாதவனுக்கோ மேய்ச்சல் நிலமே வாழ்வின் ஊன்றுகோல். பிறருடைய கன்றை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பவனுக்கு அதன் ஈற்றில் பங்கு கிடைக்கும். அவ்வாறு வரும் ஒரு பசுவே பல குடும்பங்களுக்கு முதற் சொத்தாயிற்று. மகள் திருமணத்திற்கும் மகன் படிப்பிற்கும் விற்ற ஆடுகள் அந்தப் புல்லில் வளர்ந்தவையே. எருவும் வறட்டியும், அடுப்புக்குச் சுள்ளியும், கூரைக்குப் புல்லும், காய்ச்சலுக்கு மூலிகையும் அங்கிருந்தே வந்தன. நம் ஆசிரியர்களில் பலர் ஆடு விற்ற பணத்தில் புத்தகம் வாங்கியவர்கள் என்பதை நாம் நன்கறிவோம்.

ஆதலின் பொதுநிலம் சுருங்கும்போது ஊரில் அனைவரும் சிறிது இழக்கின்றனர். நிலமற்றவரோ பெரும்பகுதியை இழக்கின்றனர். வரலாற்று நூல்கள் நெல் விளைந்த நிலத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுவதால் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

கன்றுமேய்பாழும் பறைச்சேரியும்

தமிழகத்தில் மேய்ச்சல் நிலத்திற்கு நெடிய வரலாறு உண்டு. ஆநிரை மேய்க்கும் வாழ்வை முல்லைத் திணையும், ஆநிரை கவரும் போரை வெட்சித் திணையும் கூறுகின்றன. செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் பல, ஆநிரை மீட்கும் பூசலில் உயிர் நீத்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. மாடே செல்வமாக இருந்த காலத்தில் புல்வெளி அச்செல்வத்தின் வேராக இருந்தது.

சோழர் காலச் செப்பேடுகளில் ஊர் நிலத்தை வரையறுக்குமிடத்து ‘கன்றுமேய்பாழ்’ என்னும் சொல் வருகின்றது. உழாமல் கன்றுகள் மேய்வதற்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ‘பாழ்’ என்பது இங்கே பயனற்ற நிலம் அன்று. மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட நிலம். இன்று அரசுப் பதிவேட்டில் ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்றும் மக்கள் வழக்கில் ‘மந்தை’, ‘மந்தைவெளி’ என்றும் வழங்குவது அதன் வழிவந்ததே. சென்னை மாநகரில் ஒரு பகுதி இன்றும் மந்தைவெளி என்று அழைக்கப்படுகின்றது. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது, மந்தை இல்லை.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் அப்பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஊர் இருந்த இடம் வேறு, சேரி இருந்த இடம் வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டாயிற்று. ‘ஊர்ப் பொது’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அந்த ‘ஊர்’ என்பதற்குள் நாம் அடங்குகின்றோமா என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டியுள்ளது.

மிராசும் தரிசும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதியில் மிராசு முறை வலுவாக இருந்தது. மிராசுதார்கள் தாம் உழுத நிலத்திற்கு மட்டுமன்றி ஊரின் தரிசு நிலத்திற்கும் முன்னுரிமை கொண்டாடினர். நிலமற்ற ஒருவன் தரிசு வேண்டி விண்ணப்பம் போட்டால், அந்நிலத்தை எடுத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பு மிராசுதாருக்கே அளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த நம் முன்னோர், குடியிருந்த மனைக்கும் பிறர் தயவையே நம்பியிருந்தனர்.

இந்நிலையை அந்நாளைய செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் 1891-ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசு பிறப்பித்த ஆணையே நாம் பஞ்சமி நிலம் என்று கூறும் நிலங்களுக்கு அடிப்படையாயிற்று. ஊர்ப் பொதுவில் பங்கு மறுக்கப்பட்டவர்களுக்கு, தரிசிலிருந்து தனிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் முயற்சி அது. அந்நிலங்களைப் பிற சமுதாயத்தவர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் பல ஊர்களில் அவை கைமாறிப் போயின. நிலம் தனித்தனி ஏழைக் குடும்பங்களின் கையில் இருந்தது. கடன் கொடுத்தவனோ தனித்தனியாக ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டினான். இதனை நினைவில் நிறுத்துக. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

பொதுநிலம் அழிந்தே தீருமா?

பொதுநிலம் என்றாலே அது அழிந்துவிடும் என்று கூறுவோர் உளர். அமெரிக்க உயிரியல் அறிஞர் காரெட் ஹார்டின் 1968-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இக்கருத்தை ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கொண்டே விளக்கினார். எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்ட புல்வெளியில் ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாட்டைச் சேர்க்கவே விரும்புவான். அம்மாட்டால் வரும் ஆதாயம் அவனுக்கு, புல் குறைவதால் வரும் நட்டம் எல்லோருக்கும். ஆகவே இறுதியில் புல்வெளி மொட்டையாகும் என்பது அவர் வாதம். இதனைக் காட்டிப் பொதுநிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலர்.

ஆனால் அவ்வாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. யாருக்கும் விதியில்லாத நிலத்தையும், பலர் கூடி விதி வகுத்து ஆளும் நிலத்தையும் அது ஒன்றாக்கிவிடுகின்றது. கட்டுப்பாடற்ற பொதுவையே தாம் குறித்ததாகப் பின்னாளில் ஹார்டினே விளக்கம் கூற நேர்ந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டு மலைச் சிற்றூரான தோர்பெல் இதற்குச் சிறந்த சான்று. அவ்வூர் மக்கள் 1483-ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடித் தம் மலை மேய்ச்சல் நிலத்தை ஆள்வதற்கு உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். 1517-ஆம் ஆண்டு ஒரு விதியை வகுத்தனர். குளிர்காலம் முழுதும் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற ஒருவனால் இயலுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே அவன் கோடையில் பொதுமலைக்கு அனுப்பலாம் என்பதே அவ்விதி. மேய்ச்சலுக்கென்று வெளியிலிருந்து மாடுகளை வாங்கிக் குவிக்க அதனால் வழியில்லாமற் போயிற்று. மீறியவனுக்குத் தண்டமும் உண்டு. இத்தகைய ஏற்பாட்டினால் அம்மேய்ச்சல் நிலம் பல நூற்றாண்டுகள் அழியாது நின்றது. தோர்பெல் போன்ற ஊர்களை உலகெங்கும் ஆராய்ந்து 1990-இல் நூல் எழுதிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், 2009-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, அவர்களே கண்காணித்து, மீறுவோரை அவர்களே தண்டித்தால் பொதுநிலம் நிலைக்கும் என்பது அவர் ஆய்வின் சாரம்.

நம் ஊர்களிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் இருந்தன. அறுவடை முடியும் வரை வயலில் மாடு இறங்கலாகாது. முடிந்தபின் தாள் மேயலாம். கிடை மடக்குவதற்கு முறை உண்டு. மந்தையைக் காக்க ஆள் உண்டு. ஆனால் தோர்பெல்லுக்கும் நம் ஊருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. தோர்பெல்லில் ஊரின் குடிமகன் எவனோ அவனுக்கு விதி வகுப்பதில் வாக்கு இருந்தது. வெளியூரான் அங்கு நிலம் வாங்கினாலும் மேய்ச்சல் உரிமை பெற இயலாது. நம் ஊரிலோ அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூர் மண்ணிலேயே உழைத்து மடிந்தவன் வெளியூரான் ஆக்கப்பட்டான். மந்தையை மேய்க்கும் வேலை நமக்கு. மந்தைவெளியில் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை பிறர்க்கு. கூட்டத்தின் முடிவைத் தமுக்கடித்து அறிவிக்கும் வேலை மட்டும் மீண்டும் நமக்கு.

மகாடு காட்டிய வழி

பொதுச் சொத்து என்பது யாருக்குப் பொது என்னும் கேள்வியை நாடறியக் கேட்டவர் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள். மகாடு நகரின் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக 1924-ஆம் ஆண்டே நகராட்சி தீர்மானித்திருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் இறங்க நம்மவருக்குத் துணிவு வரவிடவில்லை. ஆடுமாடுகள் குடித்த நீரை மனிதர் குடிக்கத் தடை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். அதற்குப்பின் தொடுக்கப்பட்ட வழக்கில் 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம்மவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஏட்டில் இருக்கும் உரிமை வேறு, கையில் இருக்கும் உரிமை வேறு என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று.

மராத்வாடாவின் காய்ரான் நிலங்கள்

மராட்டிய மொழியில் பொது மேய்ச்சல் நிலத்தைக் ‘காய்ரான்’ என்பர். மராத்வாடா பகுதி ஐதராபாத்து மாநிலத்தில் இருந்த 1953-ஆம் ஆண்டிலேயே, நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் வேண்டிச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அம்பேத்கர் அவர்களின் உற்ற தோழரும், 1930-இல் நாசிக்கு காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தின் தளபதியுமான தாதாசாகேப் கெய்க்வாட் அதனை முன்னின்று நடத்தினார். அவர் தலைமையில் 1964 டிசம்பரில் இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கிய நிலப் போராட்டத்தில் நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் சிறை புகுந்தனர்.

மராத்வாடாவில் ஏழைக் குடும்பங்கள் காய்ரான் நிலத்தைச் சிறுசிறு துண்டுகளாகத் திருத்திப் பயிர் செய்தன. பொது மேய்ச்சல் நிலத்தை இவர்கள் கெடுக்கின்றனர் என்று அப்போது குற்றஞ்சாட்டப்பட்டது. பல ஊர்களில் விளைந்த பயிரில் மாடுகளை ஏவி அழித்தனர். அந்நிலம் தங்களுக்கும் பொதுவாக இருந்திருந்தால் அவ்வேழைகள் அதைத் துண்டாட வேண்டிய தேவையே எழுந்திராது என்பதைக் குற்றஞ்சாட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நீண்ட போராட்டத்தின் பயனாக, 1990 ஏப்ரல் 14-க்கு முன் காய்ரான் நிலத்தில் பயிர் செய்துவந்த தாழ்த்தப்பட்டோரின் அனுபோகத்தை முறைப்படுத்த மராட்டிய அரசு 1991-இல் ஆணையிட்டது. ஆணை வந்தபோதும், தாம் பயிர் செய்ததற்கு எழுத்துச் சான்று இல்லாதவர்கள் பட்டாப் பெறுவதில் பெரிதும் இடர்ப்பட்டனர்.

இவ்விடத்து நாம் நடுநிலையோடு சிந்திக்க வேண்டும். பசித்தவன் உழுததைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. எனினும் துண்டு துண்டாகப் பிரிந்த நிலம் மீண்டும் மேய்ச்சல் நிலமாவதில்லை. ஆடு வளர்த்துப் பிழைத்த மற்றொரு ஏழைக்கு அது இழப்பு. மேலும், தனித்தனித் துண்டு தனித்தனியாகவே பறிபோகும் என்பதற்கு நம் பஞ்சமி நிலங்களே சான்று. இதற்கு மாற்று வழி ஒன்று உண்டா? பஞ்சாப் மாநிலத்தின் நம் சகோதரர்கள் அத்தகைய வழியொன்றைக் காட்டியுள்ளனர்.

பஞ்சாபின் கூட்டு வழி

பஞ்சாபில் ஊர்ப் பொதுநிலத்தைச் ‘சாம்லாத்’ என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் அதில் பங்கு நிலவரி செலுத்தியவர்க்கே உரியதாகக் கருதப்பட்டது. நிலமே இல்லாத நம்மவர்க்குப் பங்கு ஏது? 1900-ஆம் ஆண்டின் நில மாற்றுச் சட்டம், உழுகுடிகளாக அறிவிக்கப்பட்ட சாதியினரிடமிருந்து மற்றவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. உழுது உழுது கை காய்த்த தாழ்த்தப்பட்ட மக்கள் அந்த உழுகுடிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

விடுதலைக்குப்பின் நிலைமை மாறிற்று. பொதுநிலங்கள் ஊராட்சிகளைச் சேர்ந்தன. 1961-ஆம் ஆண்டின் பஞ்சாப் ஊர்ப் பொதுநிலச் சட்டமும், 1964-இல் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், குத்தகைக்கு விடப்படும் சாகுபடிக்குரிய ஊராட்சி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கின. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி அம்மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஆனால் பல ஆண்டுகள் அவ்வொதுக்கீடு ஏட்டளவிலேயே நின்றது. ஏலத்தில் நம்மவர் ஒருவரின் பெயர் ஒலிக்கும். பணம் கட்டுபவரும் பயிர் செய்பவரும் பெருநிலக்கிழார். பெயர் கொடுத்த கூலியாளுக்கு வழக்கமான கூலிதான்.

2014-ஆம் ஆண்டு முதல் சங்ரூர் மாவட்டத்தில் பலத் கலான் முதலிய ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் இதற்கு எதிராகத் திரண்டனர். பெயர் வாடகைக்கு விடுவதை நிறுத்தினர். வீட்டுக்கு வீடு பணம் திரட்டி, ஒதுக்கப்பட்ட பங்கைக் குறைந்த தொகையில் கூட்டாகக் குத்தகை எடுக்க உரிமை கோரினர். காவலரின் தடியடியையும் சிறையையும் கண்டனர். ஊர் விலக்கம் செய்து வேலையும் பாலும் மறுக்கப்பட்டதும் உண்டு. 2016-இல் ஜலூர் என்னும் ஊரில் நம்மவர் குடியிருப்பு தாக்கப்பட்டது. காயமுற்ற மூதாட்டி ஒருவர் பின்னர் உயிர் நீத்தார்.

இத்தனைக்குப் பிறகும் கூட்டாக நிலம் பெற்ற ஊர்களில் நிகழ்ந்த மாற்றம் கருதத்தக்கது. நிலத்தை அவர்கள் துண்டாடவில்லை. ஒரு பகுதியில் நெல்லும் கோதுமையும் கூட்டாக விளைவித்தனர். மற்றொரு பகுதியில் எல்லா வீடுகளின் கால்நடைக்கும் பசுந்தீவனம் விளைத்தனர். கணக்கைக் கூட்டத்தில் வைத்துப் பேசினர். முன்பெல்லாம் அவ்வூர்ப் பெண்கள் ஒரு கட்டுப் புல்லுக்காகப் பிறர் வயலுக்குச் சென்று, ஏச்சும் பேச்சும் சில சமயங்களில் அதனினும் கொடிய இழிவும் தாங்கினர். இப்போது தங்கள் கூட்டு நிலத்தில் அறுத்துத் தலை நிமிர்ந்து சுமந்து வருகின்றனர். விளைந்த மூட்டைகளைவிட இந்த மானமே அப்போராட்டத்தின் பெரும் விளைச்சல் என்பது நம் கருத்து. அதனாலேயே அப்போராட்டங்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றனர்.

இன்றைய சட்டமும் நம் இருக்கையும்

தமிழ்நாட்டில் மேய்ச்சல் புறம்போக்கு, களம், இடுகாடு, சுடுகாடு, தோப்பு முதலியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கு அளிக்கின்றது. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிப் பதவிகளில் நமக்கு இடஒதுக்கீட்டை உறுதி செய்துள்ளது. தோர்பெல் மக்களுக்கு இருந்தது போன்ற வாக்கு, சட்டத்தின்படி இன்று நமக்கும் உண்டு.

அவ்விருக்கை எளிதாகக் கிடைத்ததன்று. 1996 தேர்தலுக்குப் பின் மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் 2006 வரை தேர்தலே முறையாக நடத்த முடியவில்லை. ஊர்ப் பொதுச் சொத்துகளின் பொறுப்பு நம்மவர் கைக்கு வருவதைப் பொறாத மனமும் இக்கொடுமைகளின் பின்னே இருந்தது. அத்தகைய விலை கொடுத்துப் பெற்ற இருக்கையை வெறுமையாக விடுவது அவர்களுக்குச் செய்யும் நன்றியன்று.

உச்ச நீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று, பஞ்சாபின் பட்டியாலா மாவட்டத்து ஊர்க்குளம் ஒன்றைத் தூர்த்து ஆக்கிரமித்த வழக்கில் தீர்ப்பளித்தது. நாடெங்கும் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அதே தீர்ப்பு, அரசின் அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளர்க்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் குத்தகைக்கு அளிக்கப்பட்ட நிலங்களை விதிவிலக்காகக் கருத இடமளித்தது. இத்தீர்ப்பு நமக்கு இரு முனையும் கூரான வாள். பெரிய ஆக்கிரமிப்பாளனிடமிருந்து மந்தைவெளியை மீட்கவும் இது பயன்படும். கையில் காகிதம் இல்லாத ஏழையின் குடிசையை அகற்றவும் இதனையே காட்டுவர். எழுத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்பதை அறிந்தவனே இதில் தப்புவான்.

இளைஞர்கள் செய்யத்தக்கவை

நம் கழகத்தில் பயின்ற இளைஞர்களும் இளம்பெண்களும் தத்தம் ஊரில் மூன்று கடமைகளை மேற்கொள்ள வேண்டுகின்றோம்.

முதலாவது, ஊரின் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் படித்தறிக. மேய்ச்சல் புறம்போக்கு எந்தப் புல எண், எத்தனை பரப்பு, இன்று அதில் இருப்பது புல்லா, சவுக்கா, கட்டடமா என்று குறித்து வைத்துக்கொள்க. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத் துணை நிற்கும்.

இரண்டாவது, கிராம சபைக்குத் தவறாமல் செல்க. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் ஏற்பாடு உள்ளது. நூறு நாள் வேலைக்குக் கையெழுத்திட்டுத் திரும்பிவிடாமல், மேய்ச்சல் நிலம் பற்றிய தீர்மானத்தை எழுத்து மூலம் கொடுத்து, அது தீர்மான நூலில் பதிவாகும் வரை அமர்ந்திருக்க.

மூன்றாவது, மீட்கும் நிலத்தைக் கூட்டாக ஆளப் பழகுக. வீட்டுக்கு இத்தனை ஆடுமாடு என்ற அளவு, புல் விதை உதிரும் காலத்தில் மேய்ச்சலுக்கு ஓய்வு, சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்ற வீட்டுக்கு ஓர் ஆள், கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படித்தல் ஆகிய விதிகளை ஊரே கூடி வகுத்துக்கொள்ளலாம். அவ்விதிகளில் எத்தெருவினர்க்கும் பாகுபாடு கூடாது. நம்மை ஒதுக்கியவர்களின் வழியை நாம் பின்பற்றலாகாது. நம்மிடையேயுள்ள உட்பிரிவுகளும், ஆணே பேசப் பெண் உழைக்கும் வழக்கமும் கூட்டத்தின் வாயிலிலேயே நின்றுவிட வேண்டும். புல்லைச் சுமப்பவள் பெண். விதி வகுப்பதிலும் அவள் முன்னிற்கட்டும்.

முடிவுரை

முதலில் நாம் கூறிய வெளியின் கதையை முடித்துவிடுகின்றோம். பதிவேட்டைப் பார்த்த பின் நம் தெருவினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். மனுவின் மேல் மனு, அலைச்சலின் மேல் அலைச்சல் என ஆண்டுகள் சில கழிந்தன. இறுதியில் நில அளவர் வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டார். ஒரு பகுதி மீண்டது. மறுபகுதி இன்னும் மீளவில்லை. மீண்ட பகுதியில் இன்று நம் தெரு ஆடுகளும் ஊர்த் தெரு மாடுகளும் மேய்கின்றன. அவற்றைப் பவுண்டுக்கு ஓட்டிச் செல்ல எவரும் வருவதில்லை.

அம்மனுவில் கையெழுத்திட்டவர்களுள் பெரும்பாலோர் நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் எழுதப் பழகியவர்கள். கைநாட்டு வைத்த தந்தைக்கு மறைக்கப்பட்ட பதிவேட்டைக் கையெழுத்திடும் மகனும் மகளும் திறந்து படித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் எத்தனையோ பேரை உத்தியோகத்தில் அமர்த்தியுள்ளது, அது பெருமைக்குரியதே. எனினும் உத்தியோகம் ஒரு வீட்டை உயர்த்தும். பொதுநிலத்தைக் காக்கும் அறிவோ ஒரு தெருவையே உயர்த்தும். மீளாத மறுபகுதியை மீட்கும் பொறுப்பை இம்மலரைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒப்படைத்து அமைகின்றோம்.